இருபது மாமா நீளம்

எட்டாம் வகுப்பு பி பிரிவில் என்னோடு உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்த பெருமக்களே,

நேற்றுக் காலை நம் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் ஒரு போட்டோ போட்டிருந்தான். பள்ளிக்கூட முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே, அந்தப் பெரிய போர்க்கப்பல் பொம்மை. கூடவே ஒரு ஓட்டெடுப்பும். பழைய மாணவர் சந்திப்புக்கு நினைவுப் பரிசாக இந்தக் கப்பலையே சின்னதாகச் செய்து ஆளுக்கொன்று கொடுக்கப் போகிறார்களாம். என்ன ஸ்கேலில் செய்யலாம்? அரை அடி, முக்கால் அடி, ஒரு அடி.

மத்தியானத்துக்குள் எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டீர்கள். முக்கால் அடி ஜெயித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் கைதட்டுகிற படம், ஒருவர் தேசியக் கொடி, ஒருவர் காரணமே இல்லாமல் பிறந்தநாள் கேக். நான் மட்டும் ஓட்டுப் போடவில்லை. அட்மின் தனியாகக் கேட்டான்: "என்னப்பா, எப்பவும் மொதல் ஆளா மொக்க ஜோக்கு போடுவே, இன்னிக்கு சத்தத்தையே காணோம்?"

சத்தம் ஏன் இல்லையென்றால், நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் போட்டோவை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். கப்பலின் இடுப்பில் இரண்டு கம்பியில் ஒரு லைஃப் போட் தொங்குகிறது, பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அது லைஃப் போட் இல்லை. அதுவும் ஒரு போர்க்கப்பல். நான் செய்தது.

"இத்தன வருசம் கழிச்சா இந்தக் கோவம்?" என்று என் மனைவி கேட்டாள். என் உடம்பில் எல்லாமே தேய்ந்துவிட்டது. முழங்கால், பல், காது, தலைமுடி. வயிறும் இந்தக் கோபமும் மட்டும்தான் வளர்ந்திருக்கின்றன. மதுரையில் நான் நடத்துகிற மருந்துக் கடையிலேயே ஒரு பிரஷர் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொங்கல் வாழ்த்து என்று நினைத்து யாரும் படிக்காமல் ஹார்ட் போட்டுவிட வேண்டாம்.

நாம் எட்டாவது படித்த அந்தப் பனிக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் பள்ளி மைதானத்துப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். வகுப்புக்குள் முப்பது ஸ்வெட்டரும் ஈர ஆட்டு வாடை அடிக்கும். அந்த வாடைக்கு நடுவே நின்றுகொண்டுதான் வரலாற்று சார் ஒரு நாள் அறிவித்தார்: இந்த வருஷக் கண்காட்சிக்கு நம் வகுப்பு கடற்படை செய்கிறது.

கடலுக்கு மேலே ஏழாயிரம் அடியில் உட்கார்ந்துகொண்டு கடற்படை. நம்மில் பாதிப் பேர் மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்குக் கீழே இறங்கியதில்லை. படகு என்றால் நமக்கு ஏரியில் டூரிஸ்ட்டுகள் மிதிக்கிற வாத்துப் படகு.

இரண்டு கப்பல் என்று முடிவானது. விமானம் ஏற்றிப் போகிற பெரிய கப்பல் ஒன்று, சின்னக் கப்பல் ஒன்று. பெரியதை இன்றைய அட்மின் வாங்கிக்கொண்டான். அவனை அப்போது நாம் லாட்ஜ்காரர் மகன் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கும் அதில் பெருமை உண்டு. ஏரிக்கரையில் லாட்ஜ் வைத்திருந்த அவன் அப்பாதான் கண்காட்சிக்குப் பந்தல் போட்டுத் தருவதாக இருந்தார். சின்னது எனக்கு வந்தது. ஏனென்றால் என் தாய்மாமா கடற்படையில் இருந்தார். அவர் வேலை பார்த்த கப்பல் சின்னக் கப்பல். கூட என் பெஞ்சுக் கூட்டாளியும் சேர்ந்துகொண்டான்.

இந்தக் கூட்டாளியை நினைவிருக்கிறதா? அவன் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. கைக்குழந்தையாக அம்மா மடியில் கிடந்து கப்பலில் கடல் தாண்டியவன். வகுப்பிலேயே கப்பல் ஏறிய ஒரே ஆள் என்பதால் கப்பல் பற்றி எதைப் பேசினாலும் தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

"நான் கப்பல்ல வந்தவன் தானே, எனக்குத் தெரியாதா?"

"என்னடா தெரியும் ஒனக்கு?"

"பால் குடிச்சது தெரியும்."

அந்தச் சமயம் மாமா இரண்டு மாத லீவில் செண்பகனூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் அவர் பீரங்கி சுடுகிறார் என்று பேச்சு. உண்மையில் அவர் கப்பலில் சமையல். "அவன் அங்க போயும் அரிசிதான் களையுறான்" என்று அம்மா எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். மாமா குள்ளம். குண்டும்கூட. எதற்கும் சிரிக்க வைத்துவிடுவார். இன்றைக்கு நான் உங்களுக்கு மொக்கை ஜோக் போடுகிற வியாதி அவரிடமிருந்து ஒட்டியதுதான்.

கப்பல் எவ்வளவு நீளம் என்று கேட்டோம்.

"அடிக்கணக்கு சொன்னா ஒங்க மண்டைக்கு ஏறாது. ரோட்டுக்கு வாங்கடா" என்றார் மாமா.

டீக்கடை வாசலில் ரோட்டு ஓரமாகத் தலை வைத்து மல்லாந்து படுத்தார். கால் முடிகிற இடத்தில் நான் கரித்துண்டால் கோடு போட்டேன். எழுந்து, கோட்டில் தலை வைத்து மறுபடி படுத்தார். மறுபடி கோடு. இப்படியே டீக்கடையிலிருந்து சின்னப் பாலம் வரைக்கும் என் மாமா படுத்து எழுந்து படுத்து எழுந்து போனார். நடுவில் டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னய்யா, வெள்ளனேயே ஊத்திக்கிட்டியா?"

"கப்பல் போவுதுண்ணே. செத்த ஒதுங்கிப் போங்க."

"எங்க போவுது?"

"கொச்சிக்கு. ஏறுறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். "ஏலே, யூனிஃபார்ம் போடுற பயலாடா நீ? சட்டையப் பாரு, நாய் பொரண்ட கணக்கா! எந்திரிச்சு வாடா, மானம் போவுது!"

"இரு அக்கா, இன்னும் ரெண்டு ஆளு கெடக்கு, கப்பல முடிச்சுட்டு வாரேன்."

பாலத்தைத் தொட்டபோது இருபது மாமா ஆகியிருந்தது. அவ்வளவுதான் அவர் கப்பல். "அப்ப பெரிய கப்பலு?" என்று கூட்டாளி கேட்டான். "அதுக்கு நூத்தி இருபது தடவ படுக்கணும். எனக்குச் சட்டையும் இல்ல, முதுகும் இல்ல. நீங்களே கோயில் வளைவு வரைக்கும் கண்ணால படுத்துக்கங்க."

அவர் கப்பல் என்ன செய்யும் என்றும் அன்றைக்கு அந்தப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"கடலுக்கு அடியில எதிரி குண்டு போட்டு வச்சிருப்பான். இரும்புக் கப்பல் மேல போச்சுன்னா காந்தம் கணக்கா தெரிஞ்சுக்கிட்டு வெடிச்சிரும். அதனால எங்க கப்பலு மரக் கப்பலு. நாங்க மொதல்ல போயி வழிய பெருக்கி வுடணும். பெறகுதான் பெருசு வரும்."

"பெருக்கையில ஒங்களுக்கு வெடிச்சா?"

"வெடிச்சா பெருசு திரும்பிப் போயிரும். அதுக்குத்தான மாப்ள நாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பதின்மூன்று வயதில் எது ஜோக், எது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. இப்போதும் தெரியாது என்று மனைவி சொல்கிறாள்.

மறுநாள் இடைவேளையில் நானும் கூட்டாளியும் லாட்ஜ்காரர் மகனும் உட்கார்ந்து அளவு முடிவு செய்தோம். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை வைத்தால் மற்றது தானாக வந்துவிடும்.

முதலில் தீக்குச்சி. ஆளுக்கு ஒரு தீக்குச்சி என்றால் பெரிய கப்பலுக்கு நூற்றிருபது தீக்குச்சி நீளம். கப்பலின் மூக்கு வகுப்புக்குள் இருந்தால் வால் வராந்தாவில் மழையில் நனையும். சரி, கேப்பை. ஆளுக்கு ஒரு கேப்பைத் தானியம் என்றால் பெரியது அடக்கமாக வந்தது. ஆனால் மாமாவின் கப்பல் கட்டை விரல் நகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. அதில் எங்கே பீரங்கி வைப்பது? இரண்டுக்கும் நடுவில் அரிசி. அரிசி சரியாக இருந்தது. ஆளுக்கு ஒரு அரிசி.

எந்த அரிசி? அங்கேதான் சண்டை. லாட்ஜ்காரர் மகன் வீட்டிலிருந்து பிரியாணி அரிசி கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றும் சினிமாக் கதாநாயகன் மாதிரி நெட்டையாக, சிவப்பழகாக. என் பையில் இருந்தது ரேஷன் அரிசி. குட்டை, குண்டு, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. நேவிக்காரன் ஜம்மென்று இருக்க வேண்டாமா என்றான் அவன். எனக்கும் சபலம்தான். கூட்டாளி தீர்ப்புச் சொன்னான்:

"கப்பல எதால அளந்தம்? மாமாவால அளந்தம். மாமா நெட்டையா, குட்டையா?"

"குட்டை."

"அப்ப ரேஷன் அரிசி தானே கணக்கு!"

இந்த மாதிரி ஒரு நீதிபதி இன்றைக்கு ஏதாவது கோர்ட்டில் இருக்கிறாரா சொல்லுங்கள்.

அரிசியைச் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மேஜையில் வரிசையாக வைத்து விளக்கினோம். சார் குனிந்து பார்த்தார், மீசையைத் தடவினார். "நல்ல யோசனைலே. ரெண்டு கப்பலும் ஒரே அளவுல இருக்கணும். இல்லேன்னா அதுக்குப் பேரு கண்காட்சி இல்ல, பொம்மக்கட" என்றார். இதை அவர் வாயால் சொன்னார். அட்மின் அவர்களே, நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அரிசி மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தீர்கள். சாப்பிடுகிற பொருள் மேல் சத்தியம்.

பைன் மரப் பட்டையில் கப்பல் செய்தோம். தடித்த பட்டை, சாக்லேட் நிறம், பிளேடு போட்டால் கொய்யாப்பழம் மாதிரி இறங்கும். விரலிலும் அதே மாதிரி இறங்கும். விறகுக் கொட்டகையில் ஒளிந்து உட்கார்ந்து செதுக்கினோம், மாமா பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. கண்காட்சி அன்று அவர் உள்ளே வந்து, மேஜைக்கு முன்னால் நின்று, தன் கப்பலைத் தானே அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லாமே. மார்க்குக்காக இல்லை, பரிசுக்காக இல்லை. ஊர் முழுக்க பீரங்கி பீரங்கி என்று பொய் சொல்லி வைத்திருந்த குடும்பத்தில், அவர் கப்பல் எப்படியோ அப்படியே ஒரு முறை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

துணி துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினோம். சுண்ணாம்பில் அடுப்புச் சாம்பலைக் குழைத்தால் அச்சு அசலாகக் கடற்படைச் சாம்பல் நிறம் வந்தது. தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினோம். கம்பத்துக்கு விளக்குமாற்று ஈர்க்கு. முன்பக்க பீரங்கிக்குத் தீர்ந்துபோன ரீஃபில் முனை. சுற்றிலும் குண்டூசி நட்டு நூல் கட்டி வேலி.

கடைசியில் ஒரே ஒரு ஆள். அம்மாவின் முறத்திலிருந்து ஆள் எடுத்தோம். "அரிசியில என்னடா பொறுக்குறீங்க? கல்லு பொறுக்குனாலும் ஒரு சோலி மிஞ்சும்" என்று திட்டினாள். நூறு அரிசி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கொஞ்சம் தொப்பை இருந்த அரிசி. அதைப் பசை வைத்து நிற்க வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. சாய்ந்து சாய்ந்து விழுந்தது. "மாமா படுத்துப் பழகிட்டாரு தானே" என்றான் கூட்டாளி. கடைசியில் கப்பலின் பின்பக்கம், சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், நின்றுவிட்டார். கடற்படையில் வெள்ளைச் சீருடை. அரிசி அதைப் பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வருகிறது.

வீட்டுக்குப் பின்னால் ஓடையில் விட்டுப் பார்த்தோம். முதலில் குடிகாரன் மாதிரி சாய்ந்தது. அடியில் இரண்டு ஆணி அடித்தோம். நிமிர்ந்துகொண்டது. குளிர்ந்த தண்ணீரில் விரல் மரத்துப்போய், மூக்கு ஒழுக, நாங்கள் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு சருகை முட்டித் தள்ளிவிட்டு, மாமாவை ஏற்றிக்கொண்டு கப்பல் முன்னால் போனது. "வழிய பெருக்குது தானே" என்று கூட்டாளி மெதுவாகச் சொன்னான். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த பொருள் அது ஒன்றுதான். கல்யாண ஆல்பத்தில்கூடக் கண் மூடியிருக்கிறேன்.

கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம் கப்பலைச் சாரிடம் ஒப்படைத்தோம். பஞ்சில் வைத்துக் கொடுத்தோம்.

காலையில் போனால் மேஜையைக் காணோம். அதாவது மேஜை இருந்தது. அதன் மேல் வேறு எதற்கும் இடம் இல்லை. லாட்ஜிலிருந்து ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்த ஆறடிக் கப்பல். லாட்ஜுக்குக் கட்டில் செய்கிற ஆசாரி செய்தது, பெயின்ட் ஈரம் காயாமல் பளபளக்கிறது. ஆறடிக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை! புளியங்கொட்டை என்று முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் எங்கள் கப்பலை ஒரு அடிக்குச் செய்திருப்போம். பைன் பட்டைக்கா பஞ்சம்? யாரும் சொல்லவில்லை. அரிசி அளவில் செய்தால் வாசலிலிருந்து தெரியாது என்று லாட்ஜ்காரர் சொன்னாராம். சார் சரி என்றாராம்.

எங்கள் கப்பலைத் தேடினேன். கூட்டாளிதான் முதலில் பார்த்தான். பெரிய கப்பலின் இடுப்பில் இரண்டு கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரீஃபில் பீரங்கியையும் ஈர்க்குக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். வேலியைக் காணோம். பின்பக்கம் அந்த அரிசி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"சார், இது எங்க கப்பல் சார்" என்றேன்.

"ஆமாலே. லைஃப் போட்டா வச்சிருக்கு."

"இது லைஃப் போட் இல்ல சார். கண்ணிவெடி பொறுக்குற கப்பல் சார். பெருசுக்கு முன்னாடி போறது சார்."

"எலேய், இவ்ளோ பெரிய கப்பல் பக்கத்துல இத்தினிக்கூண்ட வச்சா வர்றவன் சிரிக்க மாட்டானா? ஒன் நல்லதுக்குத்தாம்லே சொல்றேன்."

எனக்கு அழுகை முட்டியது. அந்த அவசரத்தில் மலைக்காரன் புத்தி ஒன்று சொன்னது. "சார், மேஜை ஓரத்துல தள்ளி வச்சிரலாம் சார். தூரத்துல நிக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. மலை ரோட்டு வளைவுல நின்னு பாத்தா வைகை அணை சோப்புப் பெட்டி கணக்கா தெரியுதுல்ல சார்? அத யாரும் சின்னதுன்னு சொல்றதில்லையே சார்?"

"மேஜையில எடம் இல்லலே. போ, போய் வாசல்ல ரோஜாப்பூ குடு."

அப்போது கூட்டாளி வாயைத் திறந்தான். "சார், ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும்னு நீங்க தானே சொன்னீங்க? நான் கப்பல்ல வந்தவன் சார், லைஃப் போட்டுக்கு அடியில யாரு ஆணி..."

சார் அவனை முடிக்கவிடவில்லை. "கப்பல்ல வந்தவன்னா வந்த கப்பல்லயே திரும்பிப் போயிருலே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தீர்கள். பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும். அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து உள்ளங்கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு 'நான் கப்பல்ல வந்தவன்' என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. நம் குழுவில் அவனை இதுவரை யாரும் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா?

பதினொரு மணிக்கு மாமா வந்தார். சார் கேட்டுக்கொண்டார் என்பதற்காக வெள்ளைச் சீருடையில் வந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தாள். சார் மாமாவின் தோளில் கை போட்டார். மாமாவும் அவரிடம் படித்தவர்தான். "இவன் எட்டாங்கிளாஸ்ல எனக்கு மூணு வருசம் துணைக்கு இருந்தான்" என்று சார் லாட்ஜ்காரரிடம் சொன்னார். லாட்ஜ்காரர் சிரித்தார். மாமாவும் சிரித்தார்.

"சொல்லுலே, நேவிக்காரா. எப்படி இருக்கு கப்பல்?"

மாமா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். நடுவில் நின்றார். குனிந்தார். எங்கள் கப்பலுக்கு நேராக அவர் முகம் இருந்தது. நான் ரோஜாப்பூக் கூடையோடு வாசலில் நின்றுகொண்டு, சொல்லு மாமா, சொல்லு மாமா என்று பல்லைக் கடித்தேன்.

லாட்ஜ்காரரும் கூடவே குனிந்தார். "இதென்ன போட்டுல? எலி புழுக்க கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கு." விரல் நகத்தால் சுரண்டினார். பிறகு 'பூ' என்று ஊதினார்.

மாமா மெதுவாக நிமிர்ந்தார். கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். "அருமையா இருக்கு சார்" என்றார்.

"லைஃப் போட்கூட இருக்கு, பாத்தியா?"

"பாத்தேன் சார். லைஃப் போட் முக்கியம் சார்."

கூட்டம் கைதட்டியது. நான் கூடையைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். மரத்தூள், ஈரச் செருப்புத் தடம், நசுங்கிய ரோஜா இதழ். அங்கே ஒரு அரிசியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா வழி முழுக்க ஜோக் சொன்னார். நான் சிரிக்கவில்லை. டீக்கடையைத் தாண்டினோம், ரோட்டோரத்துக் கரிக்கோடுகளைப் பனி பாதி அழித்திருந்தது. அவருடைய கப்பலையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதிலிருந்து சாரை விட, லாட்ஜ்காரரை விட, மாமா மேல்தான் எனக்குக் கோபம். சாரும் லாட்ஜ்காரரும் இப்போது இல்லை. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு எனக்கு உயரம் போதவில்லை. மாமா இருக்கிறார். அதே செண்பகனூரில், அதே டீக்கடையில். முழங்கால் மாத்திரைக்கு என் கடைக்கு வருவார். மாத்திரை கொடுப்பேன், டீ வாங்கிக் கொடுப்பேன், கப்பல் பற்றி மட்டும் பேச்சே எடுத்ததில்லை.

நேற்று எடுத்தேன். போட்டோவை அவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"பாத்தேன் மாப்ள. நம்ம கப்பலு" என்றார்.

"நம்ம கப்பலா? இப்பத் தெரியுதா ஒங்களுக்கு?"

"இப்ப என்ன இப்ப? நாய் கணக்கா ரோட்டுல உருண்டு அளந்து குடுத்தவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் அருமையா இருக்குன்னு சொன்னீங்க?" கடையில் இரண்டு பேர் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். கத்தினேன். "ஏன் மாமா சொன்னீங்க? யூனிஃபார்ம் வேற போட்டுக்கிட்டு!"

டீக்கடை பெஞ்சில் அவர் கிளாஸை வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த சார் முன்னாடி நின்னா எனக்கு எட்டாங்கிளாஸ்தான் மாப்ள. யூனிஃபார்ம் போட்டாலும் எட்டாங்கிளாஸ்தான். வாய் தானா சொல்லிருச்சு." உடனே பேச்சை மாற்றினார். "அது கெடக்கட்டும். பின்னாடி சமையக்கட்டுப் பக்கத்துல ஒருத்தன் நின்னான்ல? போட்டோவுல தெரிய மாட்டேங்குது. எனக்குக் கண்ணு வேற சரியில்ல. அவன் திரும்ப வந்தானா? இல்ல, அன்னிக்கு ஊதுனதோட போனவன்தானா?"

போனை வைத்துவிட்டு, மருந்துச் சீட்டோடு நின்றவர்களுக்கு மாற்றி மாற்றி மாத்திரை கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்தேன்.

ஆகவே பெருமக்களே, என் ஓட்டு. முக்கால் அடியில் அந்தக் கப்பலைச் செய்தால், அதன் இடுப்பில் தொங்குகிற எங்கள் கப்பல் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வரும். அதில் மாமா எவ்வளவு வருவார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியமாட்டார். தெரியாத ஆளை ஊதவும் வேண்டியதில்லை, நல்ல வசதி. எந்த ஸ்கேலுக்கும் என் ஓட்டுக் கிடையாது.

சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை என்கிறீர்கள். வருகிறேன். கூட்டாளியையும் கூட்டி வருகிறேன். அவன் இப்போது பேத்துப்பாறைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறான். விஷயத்தைச் சொன்னதும் "கட்டிங் பிளேயர் என் வண்டியிலயே இருக்கு தானே" என்றான். மாமாவைக் கைப்பிடித்து அழைத்து வருவோம். அட்மின் அவர்களே, கண்ணாடிப் பெட்டிச் சாவியை வாங்கி வையுங்கள். வாங்காவிட்டாலும் திறப்போம். கம்பியை வெட்டி எங்கள் கப்பலை இறக்குவோம். பெரிய கப்பலுக்கு முன்னால், அதன் மூக்குக்கு நேராக, அது இருக்க வேண்டிய இடத்தில் வைப்போம். இத்தினிக்கூண்டு என்று யாராவது சிரிப்பதாக இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும்.

பசை என் கடையிலேயே இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரியாணி என்று போட்டிருந்தீர்கள். அந்த நெட்டை அரிசி எங்களுக்கு வேண்டாம். வீட்டிலிருந்து ஒன்று பொறுக்கிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். ரேஷன் அரிசிதான். மாமா குள்ளம்.